சவாரி இறங்கும் இடம்: வடசென்னை ஆட்டோ நாட்குறிப்பு

நவம்பர் 3, திங்கள்

தண்டையார்பேட்டையில் ஏறிய சார், எழும்பூர் வரைக்கும் போனில் மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டே வந்தார். மேப் வால்டாக்ஸ் ரோடு காட்டியது. பத்தரை மணிக்கு அந்த ரோட்டில் பார்சல் லாரி, மீன்பாடி வண்டி, சுமை இறக்குகிறவர்கள் என்று எல்லாம் இருக்கும், ரோடு மட்டும் இருக்காது. நான் மின்ட்டிலிருந்து பேசின் பிரிட்ஜ் ஏறி, டிமெலோஸ் ரோடு, சூளை வழியாக விட்டேன்.

"இன்னாப்பா, சுத்திக்கினு போறியா?"

"சார், நீங்க புக் பண்ணப்பவே ரேட்டு முடிஞ்சிபோச்சு. சுத்துனா என் வண்டி கேஸ்தான் வீணாப் போவும்."

அவர் நம்பிய மாதிரி தெரியவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. மீட்டர் காலத்து பயம் அது. 2013 ஆகஸ்டில் அரசு நிர்ணயித்தது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய், நின்றால் ஐந்து நிமிடத்துக்கு மூன்றரை ரூபாய், இரவு 11 முதல் காலை 5 வரை பாதி கூடுதல். அந்தக் கணக்கில் சுற்றினால் காசு. பல வருடம் அந்த ரேட் மாறவே இல்லை என்று 2025 பிப்ரவரியில் ஆட்டோ சங்கங்கள் தாங்களாகவே முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 18 என்று அறிவித்தன. அரசு அதை ஏற்கவில்லை.

ஆப்பில் அப்படி இல்லை. தொகை முன்கூட்டியே திரையில் வந்துவிடுகிறது. சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் அவருக்கும் லாபம், எனக்கும் லாபம். எனக்கும் பயணிக்கும் ஒத்துப்போகாத விஷயம் ஒன்றே ஒன்றுதான்: அவர் எங்கே இறங்குகிறார் என்பது. அவருக்கு அது வீடு. எனக்கு அது அடுத்த சவாரி தொடங்கும் இடம்.

நவம்பர் 4, செவ்வாய்

காலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை மணலி, விம்கோ நகர் பக்கத்தை விட்டு வெளியே போவதில்லை என்று முடிவு செய்து கொஞ்ச காலமாகிறது. ஸ்டாண்டில் சிரிக்கிறார்கள். "எம்பது ரூபா சவாரிக்கா காலையில எழுந்து வர்ற?"

மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்தது 2021 பிப்ரவரியில். அதற்கு முன்னால் மணலிக்காரர் ஊருக்குள் வேலைக்குப் போக வேண்டுமானால் பஸ்ஸில் ஏறி மல்லுக்கட்டுவார். இப்போது ஆட்டோவில் ஸ்டேஷனுக்கு வருகிறார். இதில் பலர் கவனிக்காதது: அதே நேரத்தில், மணலி கம்பெனிகளுக்கு வேலைக்கு வருகிறவர்கள் அதே ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். கழுத்தில் அடையாள அட்டை, காலில் கனமான சேஃப்டி ஷூ, கண் வாட்சில். ஜெனரல் ஷிஃப்ட்டுக்குப் பத்து நிமிடம் லேட்டானால் கேட்டில் பதில் சொல்ல வேண்டியவர்கள், பேரம் பேச மாட்டார்கள். போகும்போதும் ஆள், வரும்போதும் ஆள். சென்னையில் இப்படி இரண்டு பக்கமும் நிறைந்து ஓடுகிற ரோடு காலையில் அதிகம் கிடையாது.

சிரிக்கிறவர்களுக்கு நான் போட்டுக் காட்டிய கணக்கு இதுதான். திருவொற்றியூரிலிருந்து தாம்பரத்துக்கு ஒரு சவாரி, 560 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். போக இரண்டு மணி நேரம். காலியாகத் திரும்ப இரண்டு மணி நேரம். எண்பது கிலோமீட்டர், கிலோமீட்டருக்குக் கேஸ் மூன்று ரூபாய் என்றால் 240. மீதி 320, நான்கு மணி நேரத்துக்கு. மணிக்கு 80. இங்கே மணிக்கு மூன்று சின்னச் சவாரி, 240 ரூபாய். பிக்கப் தூரமும் சேர்த்து பதினெட்டு கிலோமீட்டர் ஓடினால் கேஸ் 54 போக 186.

560 என்கிற எண் திரையில் பெரிதாகத் தெரிகிறது. நான்கு மணி நேரம் திரையில் தெரிவதில்லை.

கமிஷன் காலத்தில் இந்தக் கணக்கு இவ்வளவு பளிச்சென்று இருக்காது. ஒவ்வொரு சவாரியிலும் ஒரு பங்கு ஆப் கம்பெனிக்குப் போகும், பத்துச் சவாரி முடித்தால் போனஸ் என்று ஒரு கேரட்டும் தொங்கும், அதற்காக வருவதையெல்லாம் எடுத்து ஓடுவோம். இப்போது ஆட்டோவுக்குப் பெரும்பாலும் பாஸ் முறை வந்துவிட்டது. ஊபர்கூட 2025 பிப்ரவரியில் அதற்கு மாறியது. நாளுக்கு ஒரு தொகை கட்டினால் சவாரிக் காசு முழுக்க நம் கையில். அதனால் பாஸ் போட்ட நாளில் மத்தியானம் வீட்டுக்குப் போய்ப் படுத்தால் நஷ்டம். காலையும் மாலையும் இரண்டு வேளையும் ஓட்டினால்தான் அந்தப் பாஸ் கட்டுபடியாகும்.

நவம்பர் 5, புதன்

வண்டி சர்வீஸுக்கு. கிளட்ச் கேபிள், பிரேக் ஷூ. பாஸ் போடவில்லை.

நவம்பர் 6, வியாழன்

விடியற்காலையிலிருந்து மழை. மழை நாளில் ரேட் ஏறும், பாதி வண்டி வெளியே வராது, நல்ல காசு என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். காசு வரும், மறுக்கவில்லை. ஆனால் சைலன்சர் மட்டத்துக்குத் தண்ணீர் வந்து வண்டி நின்றுபோனால், அன்றைய சம்பாத்தியமும் அடுத்த இரண்டு நாள் சம்பாத்தியமும் மெக்கானிக்குக்கு.

மழையில் நான் பார்ப்பது ரேட்டை இல்லை, வழியை. புளியந்தோப்பு, பட்டாளம் என்று டிராப் வந்தால் எவ்வளவு காட்டினாலும் விட்டுவிடுவேன். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும் என்பது வியாசர்பாடியில் தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்கும் தெரியும். மேப்புக்குத்தான் நான்கு பேர் மாட்டிக்கொண்ட பிறகு தெரிகிறது. எருக்கஞ்சேரி ஹைரோட்டிலிருந்து சென்ட்ரல் போகிறவரை பேசின் பிரிட்ஜ் மேலேயே கூட்டிப் போனேன். கூட்டம் இருந்தது, நேரம் ஆனது, சக்கரம் நனைந்ததோடு சரி.

மத்தியானம் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு. காசிமேடு ஜீரோ கேட்டில் கன்டெய்னர் லாரிகள் தேங்கினால் வால் எங்கே முடியும் என்று சொல்ல முடியாது. மேப்பில் சிவப்புக் கோடு வரும், சரி. அந்தச் சிவப்பு பத்து நிமிடத்துச் சிவப்பா, இரண்டு மணி நேரத்துச் சிவப்பா? அதற்கு நான் லாரி டிரைவர்களைப் பார்ப்பேன். ஸ்டியரிங்கில் உட்கார்ந்து பீடி பிடித்தால் வரிசை நகரும். கீழே இறங்கி நாலு பேராக நின்று டீ குடித்தால் யோசிக்க வேண்டும். இன்று ஒருத்தர் துவைத்த லுங்கியை கேபினுக்குள் கயிறு கட்டிக் காயப் போட்டிருந்தார். பார்த்த உடனே டோல்கேட் பக்கம் ஒடித்து டி.எச். ரோட்டுக்கு ஏறிவிட்டேன்.

கொருக்குப்பேட்டைப் பக்கத்து ரயில்வே கேட்டும் அப்படித்தான். எலக்ட்ரிக் ட்ரெயின் என்றால் நிற்கலாம். கூட்ஸ் என்றால் இன்ஜினை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போன் பேசலாம்.

நவம்பர் 7, வெள்ளி

தண்டையார்பேட்டை அகஸ்தியாவிலிருந்து தரமணி. (தியேட்டர் மூடி வருடங்கள் ஆகிவிட்டன, பிக்கப் பாயின்டுக்குப் பெயர் இன்னும் அகஸ்தியாதான்.) தெற்கே போவதில்லை என்று சபதமெல்லாம் கிடையாது. ஒன்பதரைக்கு மேல் மணலி ஓய்ந்துவிடும், அப்போது 320 ரூபாய் காட்டினால் எடுப்பேன். திரும்பி வருவதில்தான் வித்தை.

எங்கள் ஸ்டாண்டில் முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டுகிற பெரியவர் ஒருத்தர் இருக்கிறார். ஆப் வைத்துக்கொள்வதில்லை. ஆனால் ஆப் ஓட்டுகிறவர்களுக்கு அவர் சொன்னதை விட நல்ல யோசனை எனக்கு யாரும் சொன்னதில்லை: "தெக்கால போனா கடல் ஒனக்கு இடது கைப் பக்கம். எறக்கி வுட்டப்புறம் கடல் வலது கைப் பக்கம் வர்ற சவாரியா பாத்து எடு. அம்பது ரூபான்னாலும் எடு."

தரமணியில் இறக்கியதும் முதலில் வந்தது சோழிங்கநல்லூர், 190 ரூபாய். விட்டேன். அடுத்து அடையாறு, 70. எடுத்தேன். அடையாற்றிலிருந்து மயிலாப்பூர், கோயிலுக்குப் போகிற இரண்டு அம்மாக்கள். வெள்ளிக்கிழமை, நல்ல நேரத்துக்குள் போக வேண்டுமாம். மயிலாப்பூரில் கொஞ்சம் நிற்க வேண்டியிருந்தது. பிறகு திருவல்லிக்கேணி. அங்கிருந்து பாரிமுனைக்கு ஒரு வக்கீல் குமாஸ்தா, மடியில் கட்டுக் கட்டாகக் கேஸ் கட்டு. பாரிமுனை வந்துவிட்டால் ஊருக்கு வந்த மாதிரிதான், ராயபுரத்துக்கோ வண்ணாரப்பேட்டைக்கோ ஆள் இல்லாமல் போகாது.

"வீட்டுப் பக்கம் போகிற சவாரி மட்டும் கொடு" என்று ஆப்பிலேயே ஒரு வசதி உண்டு. நாளுக்கு இத்தனை முறைதான் என்று அளவு வைத்திருக்கிறார்கள். அதைத் தரமணியில் போட்டால் ஒரே சவாரியாகத் தண்டையார்பேட்டை கிடைக்கும் என்று காத்துக்கிடக்க வேண்டும். நான் ராத்திரிக்கு வைத்துக்கொள்வேன். பகலில் கடல் போதும்.

2025 ஜூலையில் ஆப் வண்டிகளுக்கு மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையில், ஆள் இல்லாமல் ஓடுகிற இந்தக் காலி ஓட்டத்துக்கு ஒரு வரி இருக்கிறது. அதை ஈடுகட்ட, அடிப்படைக் கட்டணம் குறைந்தது 3 கிலோமீட்டருக்காவது இருக்க வேண்டுமாம். பிக்கப்புக்கு ஓடுகிற காலிக்கு அது ஓரளவு சரி. தாம்பரத்திலிருந்து காலியாக வருகிற நாற்பது கிலோமீட்டருக்கு எந்த நெறிமுறையும் இல்லை.

நவம்பர் 8, சனி

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு, துணிக்கடைத் தெரு. சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கடைகளில் இருந்து குடும்பம் குடும்பமாக வெளியே வருவார்கள். கல்யாண முகூர்த்தம் நெருங்கினால் இன்னும் அதிகம். ஆப்பில் அந்த இடம் மட்டும் சிவந்துவிடும், ரேட் ஏறிவிட்டது என்று அர்த்தம். பெரம்பூரிலும் வியாசர்பாடியிலும் நிற்கிற பையன்கள் சிவப்பைப் பார்த்து விரட்டிக்கொண்டு வருவார்கள். வந்து சேர்வதற்குள் வண்டி பெருகி, சிவப்பு போய், சாதா ரேட்டுக்கு நெரிசலில் நிற்பார்கள். புதிய நெறிமுறைப்படி ரேட் அடிப்படைக் கட்டணத்தில் இரண்டு மடங்கு வரை ஏறலாம், பாதி வரை இறங்கவும் செய்யலாம். ஏறுகிறதை மட்டும்தான் நாம் ஞாபகம் வைத்துக்கொள்கிறோம்.

நான் எட்டே முக்காலுக்கே ஜி.ஏ. ரோட்டில் டீக்கடை ஓரம் நிறுத்திவிடுவேன். சவாரி வந்ததும் முதல் வேலை போன்.

"அக்கா, நீங்க நிக்கிற எடத்துக்கு வண்டி வந்தா வெளிய எடுக்க அரை மணி நேரம் ஆவும்க்கா. அப்டியே ஜி.ஏ. ரோடு மொனைக்கு நடந்து வாங்க, ரெண்டு நிமிசம்."

"கையில நாலு பையி இருக்குதுப்பா. கொழந்த வேற தூங்குது."

"நான் மொனையிலயே நிக்கிறேன்க்கா. பைய நான் வந்து வாங்கிக்கிறேன்."

வண்டியைப் பூட்டிவிட்டு எதிரே நடந்துபோய் பைகளை வாங்கிக்கொண்டேன். இதை மற்றவர்கள் சேவை மாதிரி பேசுவார்கள். இல்லை. உள்ளே போய் மாட்டினால் போவது ஒரு சவாரியின் நேரம். பை தூக்கினால் இரண்டு நிமிடம். மூலக்கடையில் இறக்கி, அங்கிருந்து மாதவரம் பஸ் நிலையத்துக்கு நெல்லூர் போகிற ஒருத்தர். ஆந்திர பஸ்கள் அங்கிருந்து போவதால் ராத்திரியிலும் மாதவரம் காலியாக விடாது. மூலக்கடைப் பக்கம் மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்திருக்கிறார்கள், ரோடு பாதி. அதற்கும் சேர்த்துத்தான் நேரம் கணக்கு வைக்க வேண்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒருத்தர் கேட்டிருந்தார்: ஏன் எல்லா டிரைவரும் போன் பண்ணி "எங்க டிராப்? கேஷா ஆன்லைனா?" என்று கேட்கிறார்கள்? முதல் கேள்விக்குப் பதில் இந்த வாரம் முழுக்க எழுதியிருக்கிறேன். இரண்டாவது இன்னும் லேசு. கேஸ் பங்க்கில் காசு கேட்பார்கள், வீட்டில் காசு கேட்பார்கள், வண்டி வாடகைக்காரர் ராத்திரியே கேட்பார். ஆனாலும் இடம் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் கேன்சல் பண்ணுகிறவர்கள் மேல் எனக்கும் கோபம்தான். வேண்டாம் என்றால் சவாரியை எடுக்காமலே விட்டுவிடலாமே. அந்தப் பயணி மழையில் நின்று காத்திருப்பார், அடுத்த முறை என்மேல் எரிந்து விழுவார்.

காலையில் காசிமேடு. ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்குகிற கூட்டம். பல ஆப் வண்டிகள் அந்தப் பக்கமே போகாது. பையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டும், நாற்றம் நிற்கும், அடுத்து ஏறுகிறவர் ஒரு ஸ்டார் போடுவார். என் வண்டியில் பழைய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றை மடித்து வைத்திருக்கிறேன், ஏதோ கட்சிக்காரர் பிறந்தநாள் வாழ்த்து. கால் வைக்கிற இடத்தில் விரித்தால் தண்ணீர் கீழே இறங்காது. வஞ்சிரமும் சங்கராவும் தலைவர் முகத்தின் மேல் உட்கார்ந்து வரும். இறக்கியதும் உதறி, ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றி, எலுமிச்சைத் தோலால் ஒரு தேய். மற்ற வண்டிகள் வராததால் காசிமேட்டில் காத்திருக்கவே வேண்டாம். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் என்று எல்லாம் கிட்டக் கிட்ட.

இன்னும் ஒரு ஞாயிறுதான் இந்தக் கணக்கு செல்லும். 17-ஆம் தேதி கார்த்திகை பிறக்கிறது, மாலை போடுகிற வீடுகளில் மீன் நின்றுவிடும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு போகாதபோதும் இதே கதைதான். அடுத்த மாதம் ஞாயிறு காலைக்கு சென்ட்ரல் பக்கம் பார்க்க வேண்டும். இருமுடியோடு ட்ரெயின் பிடிக்கிறவர்கள் குழுவாகத்தான் வருவார்கள், மூன்று பேருக்கு மேல் ஏற்ற முடியாது, இரண்டு வண்டி கேட்பார்கள். தம்பியையும் பாஸ் போடச் சொல்லியிருக்கிறேன்.