23 பைட் கோப்பு

"செட்டிங்ஸ் கோப்பில் முதல் வரியிலேயே பிழை காட்டுகிறது" என்று கூட வேலை செய்யும் நண்பர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தார். கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் இருவரிடமும் அதே ரெப்போ (கோடு களஞ்சியம்), அதே கமிட் (சேமித்த பதிப்பு). என் லினக்ஸில் பில்ட் ஓடுகிறது, அவருடைய விண்டோஸில் ஜேசன் பார்சர் முதல் எழுத்தைக்கூடத் தாண்டவில்லை. கோப்பு எத்தனை பைட் என்று கேட்டேன். 23 என்றார். என்னிடம் அது இரண்டு கேபிக்கும் மேல்.

நோட்பேடில் திறக்கச் சொன்னேன். உள்ளே ஒரே வரிதான்: இரண்டு புள்ளி, ஸ்லாஷ், காமன், ஸ்லாஷ், செட்டிங்ஸ் டாட் ஜேசன். ஆங்கிலத்தில் எழுதி எண்ணினால் சரியாக 23 எழுத்து. அவர் கணினியில் இருந்தது நான் போட்ட சிம்லிங்க்கின் உள்ளடக்கம். சிம்லிங்க் என்பது இன்னொரு கோப்பின் பாதையை மட்டும் வைத்திருந்து, அதைச் சுட்டிக்காட்டும் லிங்க்.

கிட் ஒரு சிம்லிங்க்கைச் சேமிக்கும்போது இலக்குக் கோப்பைத் தொடுவதே இல்லை. பாதையை மட்டும் ஒரு பிளாப்பாக, அதாவது கோப்பின் உள்ளடக்கம் போல, எழுதி, இது சிம்லிங்க் என்று காட்ட 120000 என்ற மோடு கொடுக்கிறது. ரெப்போவிலிருந்து கோப்பை எடுத்து வைக்கும் கணினியில் கோர் டாட் சிம்லிங்க்ஸ் என்ற கிட் அமைப்பு ஃபால்ஸ் என்றிருந்தால், அந்தப் பாதையையே சாதாரண டெக்ஸ்ட் கோப்பாக வைத்துவிடும். எச்சரிக்கை எதுவும் வராது.

விண்டோஸில் சிம்லிங்க் இல்லை என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ்ஸில் இருக்கிறது. உருவாக்கத்தான் தனி உரிமை வேண்டும். 2017-இல் வந்த விண்டோஸ் 10 கிரியேட்டர்ஸ் அப்டேட்டுக்குப் பிறகு, டெவலப்பர் மோடை இயக்கினால் அட்மின் இல்லாமலும் முடியும். அதை இயக்கச் சொன்னேன், கிட்டின் குளோபல் கான்ஃபிகில் கோர் டாட் சிம்லிங்க்ஸை ட்ரூ என்று மாற்றவும் சொன்னேன். பலனில்லை. முதலில் குளோன் செய்தபோதே கிட் அந்த ரெப்போவின் சொந்தக் கான்ஃபிகில் ஃபால்ஸ் என்று எழுதி வைத்திருந்தது. குளோபலை விட லோக்கல்தான் வெல்லும். இதைக் கண்டுபிடிக்கத்தான் அரை நாள் போனது. லோக்கலை மாற்றி, கோப்பை அழித்துவிட்டு மறுபடி செக்அவுட் செய்ததும் பில்ட் ஓடியது.

கையால் லிங்க் போடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். லினக்ஸின் எல்என் கட்டளையில் இலக்கு முன்னால், லிங்க்கின் பெயர் பின்னால். விண்டோஸின் எம்கேலிங்க்கில் நேர்மாறு. ஃபோல்டருக்கு ஸ்லாஷ் டி சேர்க்கவும் வேண்டும், ஏனென்றால் அங்கே கோப்பு லிங்க்கும் ஃபோல்டர் லிங்க்கும் வேறு வேறு.

இது முடிந்த அடுத்த வாரமே கன்டெய்னரில் (ஒரே கணினிக்குள் தனி ஃபோல்டர் அமைப்போடு நிரல் ஓடும் இடம்) இன்னொரு லிங்க் உடைந்தது. அதில் பாதையை ரூட்டிலிருந்து முழுதாக எழுதியிருந்தேன். ஹோஸ்டில் அந்தப் பாதை உண்டு. கன்டெய்னருக்குள் ரூட்டே வேறு, அங்கே அப்படி ஒரு ஃபோல்டர் இல்லை. ரிலேட்டிவாக, அதாவது ஒரு ஃபோல்டரை வைத்துக் கணக்கிடும் பாதையாக, மாற்றினேன், அப்போதும் உடைந்தது. நான் நின்றிருந்த ஃபோல்டரிலிருந்து கணக்குப் போட்டிருந்தேன், கெர்னலோ லிங்க் இருக்கும் ஃபோல்டரிலிருந்து கணக்குப் போடுகிறது. சிம்லிங்க் போடும்போது இலக்கு இருக்கிறதா என்று எல்என் பார்ப்பதும் இல்லை. கொடுத்த எழுத்தை அப்படியே எழுதிவிட்டு, வேலை முடிந்தது போல் திரும்பிவிடுகிறது. அதனால் எல்என் பிழை சொல்லாததை இப்போது நான் நம்புவதில்லை. லிங்க் போட்டவுடன் அதன் வழியாகக் கோப்பின் உள்ளடக்கத்தைக் காட்டும் கேட் கட்டளையை ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிடுகிறேன்.

மேக்கில் இருப்பவர்களுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் பிரச்சினை. இலக்கின் பெயரில் பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறியிருந்தாலும் அங்கே வழக்கமான அமைப்பில் லிங்க் திறக்கும், லினக்ஸ் சர்வரில் திறக்காது. மேக்கின் கோப்பு மேலாளரான ஃபைண்டரில் உருவாக்கும் ஏலியஸ் சிம்லிங்க்கே அல்ல, அதைக் கமிட் செய்யாதீர்கள்.

இப்போது எங்கள் பில்ட் ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் ஒரு சோதனை இருக்கிறது. கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் கட்டளைக்கு மைனஸ் எஸ் கொடுத்து, 120000 மோடுள்ள கோப்புகளை எல்லாம் எடுக்கிறது. அவற்றில் ஒன்றாவது டிஸ்க்கில் லிங்க்காக இல்லாவிட்டால், அந்தக் கோப்பின் பெயரைச் சொல்லி அங்கேயே நிறுத்திவிடுகிறது.