மவுல்ப்ரோன் மடத்துச் சந்தையும் ஒரு மர அச்சும்

5 டிசம்பர் 2024, வியாழன்

ஜெர்மனில, ஸ்டுட்கார்ட்ல இது எனக்கு மூணாவது குளிர்காலம். சாயந்திரம் நாலரைக்கெல்லாம் இருட்டிடுது. ஆபீஸ் முடிஞ்சு வரும்போது கீழ் வீட்டு பாட்டி படியில நின்னுட்டு இருந்தாங்க, சனிக்கிழமை மவுல்ப்ரோன் போறேன் கூட வர்றியான்னு கேட்டாங்க. அங்க ஒரு பழைய கிறிஸ்தவ மடம் இருக்கு, வருஷா வருஷம் ரெண்டாவது அட்வென்ட் (கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிறுல ரெண்டாவது) வாரக் கடைசில அதோட முற்றத்துல சந்தை போடுவாங்க, கையால பண்றவங்க நிறைய பேர் வருவாங்கன்னு சொன்னாங்க. அவங்க போறதுக்கு ஒரே காரணம் ஸ்பிரிங்கர்லே அச்சு. அப்டின்னா என்னன்னு கேட்டதும் உள்ள கூப்டு தகர டப்பாவ தொறந்து ஒண்ணு குடுத்தாங்க. வெள்ளை வெளேர்னு ஒரு பிஸ்கட், மேல குதிரைக்காரன் உருவம் குதிரையோட கடிவாளம் வரைக்கும் தெளிவா பதிஞ்சிருக்கு, கடிச்சா சோம்பு மாதிரி ஒரு வாசனை. அந்த உருவத்தோட மர அச்சு அவங்க அம்மா வச்சிருந்தது, போன வருஷம் நடுவுல வெடிச்சிருச்சாம். அத ஒரு துணில சுத்தி வச்சிருக்காங்க. எனக்கு உடனே கும்பகோணத்துல எங்க அப்பாயி வச்சிருந்த மர தேன்குழல் நாழி ஞாபகம் வந்துருச்சு.

7 டிசம்பர், சனி

காலைல ட்ரெயின்ல மூலாக்கர், அங்கேர்ந்து பஸ். கை விரலெல்லாம் மரத்துப் போற குளிர்.

மடத்து வாசல் வளைவ தாண்டி உள்ள போனதும் நான் நினைச்ச மாதிரி ஒரே ஒரு சர்ச் இல்ல, சுவருக்குள்ள ஒரு ஊரே இருக்கு. 1147ல சிஸ்டர்சியன் துறவிங்க ஆரம்பிச்சது. இந்த சபைல தங்களுக்கு வேணுங்கறத தாங்களே உழைச்சு பண்ணிக்கணும்னு விதி, அதனால முற்றத்த சுத்தி மாவு மில், கொல்லுப்பட்டறை, வண்டி செய்ற இடம், குதிரை லாயம் எல்லாம் கட்டிருக்காங்க. லாயம் இப்போ ஊரோட டவுன் ஹால். அந்த கட்டடங்களுக்கு நடுவுலதான் இன்னிக்கு கடை. மெழுகுவர்த்தி, கம்பளி, கூடை, கடைசல் மரச்சாமான்னு வரிசையா இருக்கு. அந்தக் காலத்துல மரமும் இரும்பும் வேலை பாத்த அதே முற்றத்துல இன்னிக்கும் கையால பண்ணின சாமான் இருக்கறது எனக்கு ரொம்பவே சந்தோஷமா இருந்துச்சு, இதுக்காகவே இந்த சந்தை நிக்காம நடக்கணும்.

அச்சு செதுக்குறவர் ஒரு ஓரமா உக்காந்து கடைலயே வேலை பாத்துட்டு இருந்தார். எல்லாமே பேரி மரம். ரேகை தெரியாத நெருக்கமான மரம்ங்கறதால மாவுல மரத்தோட கோடு விழாது, பூவோட காம்பு மாதிரி சின்ன விஷயம் கூட பதியும்னார். எல்லாத்தையும் இடம் வலம் மாத்தி, மேடு எங்கயோ அங்க பள்ளமா செதுக்கணும். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை களிமண்ண வச்சு அமுக்கி எடுத்து பாக்குறார், அதுலதான் சரியா வந்திருக்கான்னு தெரியுமாம். கிளைல உக்காந்த ஒரு பறவை அச்சு கைல எடுத்தேன். மரத்துல பாத்தா கண்ணு ஒரு சின்ன குழி, அவ்ளோதான். அவர் களிமண்ண வச்சு அமுக்கி காட்டினார், குழி இருந்த இடத்துல கடுகு மாதிரி ஒரு கண்ணு எழும்பி நின்னு என்னையே பாக்குது.

பாட்டி துணிய பிரிச்சு பழைய அச்ச காட்டினாங்க. அவர் ரொம்ப நேரம் திருப்பி திருப்பி பாத்தார், விரலால விரிசல தடவினார். இது நல்ல கை வேலை, புதுசு வாங்காதீங்க, நான் ஒட்டி இழைச்சு தரேன் நாளைக்கு வாங்கன்னுட்டார். விக்க வந்தவர் விக்க மாட்டேன்னு சொன்னத கேட்டு பாட்டிக்கு கண்ணு கலங்கிருச்சு.

பறவைய எனக்கு வாங்கலாம்னு பாத்தா அங்க ரொக்கம் மட்டும்தான், என்கிட்ட கார்டுதான் இருந்துச்சு. நாளைக்கு வரப்போறோம்தானே, எடுத்து வைக்க சொல்லிட்டு வந்தேன்.

8 டிசம்பர், ஞாயிறு

இன்னிக்கு காசோட போனேன். பறவை அச்ச வாங்கினேன். பாட்டி பஞ்ச்ங்கற சூடான பானம் குடிச்சுட்டு உக்காந்திருந்த நேரத்துல நான் மட்டும் டிக்கெட் எடுத்து மடத்துக்குள்ள போய் பாத்தேன். துறவிங்க கை கழுவுற மண்டபத்துல மூணு அடுக்கு கல் தொட்டில தண்ணி ஒழுகிட்டு இருக்கு. குளிர் காயறதுக்கு ஒரு ரூம், கீழ நெருப்பு போட்டு கல்ல சூடாக்கி தரைல உள்ள ஓட்டை வழியா சூட்ட மேல விடுவாங்களாம், அப்டி ஒரு ரூம்தான். இந்த குளிர்ல மத்த இடமெல்லாம் எப்டி இருந்திருக்கும்னு நினைக்கவே முடியல. சர்ச்சுக்குள்ள நடுவுல ஒரு கல் தடுப்பு. ஒரு பக்கம் துறவிங்க, இன்னொரு பக்கம் உடலுழைப்பு பாத்த சகோதரர்கள். சாப்பாட்டுக் கூடமும் தனித்தனி. கொத்தவேலையும் வயல்வேலையும் பாத்தவங்கள தடுப்புக்கு அந்தப் பக்கம் நிக்க வச்சது எனக்கு சரியாவே படல, வெளிய அந்த அச்சுக்காரரோட கைய பாத்துட்டு வந்ததாலயோ என்னவோ.

1556லேர்ந்து இது பள்ளிக்கூடமாவும் இருக்கு. வானியல் அறிஞர் கெப்ளர் இங்க படிச்சவர். எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸேயும்தான், ஆனா அவர் 1892ல இங்கேர்ந்து ஓடிப் போயிட்டார்.

பாட்டியோட அச்சு ரெடியா இருந்துச்சு. விரிசல் இப்போ முடி மாதிரி ஒரு கோடு.

13 டிசம்பர், வெள்ளி

பாட்டி வீட்டு கிச்சன்ல ராத்திரி ஒம்போது மணி வரைக்கும் வேலை. முட்டையும் ஐசிங் சுகரும் ரொம்ப நேரம் அடிக்கணும், அப்புறம் மைதா. அச்சுல லேசா மாவு தூவி, தடிமனா தேச்ச மாவு மேல வச்சு அழுத்தி, பாத்து எடுக்கணும். முதல் மூணு பறவைக்கு தலை ஒட்டிக்கிச்சு, ப்ரஷ்ஷால அச்ச தட்டி மறுபடி பண்ணேன். அந்த சோம்பு மாதிரி வாசனை வர்ற அனிஸ் விதை தூவின தட்டுல அடுக்கி ஒரு நாள் அப்டியே காய விட்ருக்கோம், மேல் தோல் காஞ்சாதான் அடுப்புல வைக்கும்போது உருவம் கலையாம இருக்குமாம்.

வந்து அம்மாவுக்கு போன் பண்ணி நாழி எங்கம்மான்னு கேட்டேன். பரண்ல கிடக்கும்டி, இப்போ யாரு அதுல பிழியிறா, அச்சுத் தட்டு ரெண்டு இல்ல, எதுக்கு இப்போ கேக்குறன்னாங்க. யாருக்கும் குடுத்துராதம்மான்னு மட்டும் சொன்னேன்.

14 டிசம்பர், சனி

சாயந்திரம் அவன்ல வச்சோம், 150 டிகிரி. கண்ணாடி வழியா பாத்துட்டே இருந்தேன். மேல் பக்கம் வெள்ளையாவே இருக்கு, அடிப்பக்கம் மட்டும் மெதுவா எழும்பி ஒவ்வொண்ணுக்கும் பாதம் முளைக்குது. "ஃப்யூஸ்லே, ஃப்யூஸ்லே" (குட்டிப் பாதம்)ன்னு பாட்டி சின்னப் பொண்ணு மாதிரி கை தட்டினாங்க. பாதம் வரலன்னா ஸ்பிரிங்கர்லேவே இல்லயாம்.

குதிரைக்காரன் நடுவுல அந்த முடி மாதிரி கோடு லேசா விழுந்திருக்கு. பாட்டி அத தடவி பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. பாதி அவங்க டப்பால, பாதி என் டப்பால போட்டு, மெத்துனு ஆகறதுக்கு ஒரு ஆப்பிள் துண்டு வச்சு மூடியாச்சு. 24ஆம் தேதிக்கு முன்னாடி தொறக்கவே கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிருக்காங்க.