சாஸ்திரியாரைத் தேடித் தஞ்சாவூரில் ஒரு நாள்

எங்கள் சபையில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் ‘சீர் இயேசு நாதனுக்கு ஜெயமங்களம்’ பாடாமல் முடியாது. அம்மாவுக்கு அது மனப்பாடம். எழுதியவர் வேதநாயகம் சாஸ்திரியார் என்பது எனக்கே பெரியவனான பிறகுதான் தெரியும். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு, பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

பெரிய கோயிலை ஒட்டிய சிவகங்கைப் பூங்காவில் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் 1779இல் கட்டிய ஆலயத்துக்குத்தான் முதலில் போனேன். உள்ளே வெண்பளிங்கில் ஒரு சிற்பம்: மரணப் படுக்கையில் சுவார்ட்ஸ், பக்கத்தில் அவர் கையைப் பிடித்தபடி தஞ்சை மராத்திய மன்னர் சரபோஜி. ஆங்கிலச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மேன் செதுக்கியது. வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன். 1774இல் திருநெல்வேலியில் பிறந்த சாஸ்திரியாரைச் சிறுவனாக இந்த ஊருக்கு அழைத்து வந்தவரும் இதே சுவார்ட்ஸ்தான். ஒரே குருவிடம் வளர்ந்த இருவரில் ஒருவர் மன்னர், இன்னொருவர் அவர் அவையின் புலவர்.

அப்புறம் அரண்மனை. தர்பார் மண்டபத்தில் சரபோஜியின் சிலையைப் பார்த்ததும் நம் வீடுகளில் சொல்லும் கதை நினைவுக்கு வந்தது. மன்னர் தன் தெய்வத்தைப் பாடச் சொன்னபோது, சாஸ்திரியார் ‘இயேசுவையே துதிசெய், நீ மனமே’ என்று பாடினாராம். நட்பு அதற்குப் பிறகும் முறியவில்லை என்பார்கள்.

என்னை அதிகம் ஈர்ப்பது அவருடைய பெத்லகேம் குறவஞ்சி. மற்றக் குறவஞ்சி நாடகங்களைப் போலவே குறத்தி குறி சொல்கிறாள், அவள் கணவன் சிங்கன் பறவை பிடிக்கிறான். ஆனால் தலைவி காதலிப்பது கிறிஸ்துவை, வலையில் விழுபவை ஆத்துமாக்கள். நடுவில் கோப்பர்நிக்கஸின் வானியலும் வந்துவிடுகிறது! சுவிசேஷத்தை அவர் மொழிபெயர்க்கவில்லை. நொண்டி நாடகம், கும்மி என்று நம் மக்கள் ஆடிப் பாடிய வடிவங்களிலேயே பிறக்க வைத்தார்.

ஒன்று மட்டும் மனதை உறுத்துகிறது. பின்னால் வந்த மிஷனரிகள் தமிழ்ப் பாட்டையும் பண்டிகைகளையும் ஒடுக்கியபோது எதிர்த்து நின்றார், சரி. அதே மூச்சில் ஆலயத்துக்குள் சாதிவாரியாகப் பிரிந்து உட்காரும் வழக்கத்துக்காகவும் வாதாடினார். இவ்வளவு அழகாகப் பாடியவர் அதைச் செய்திருக்கக் கூடாது.

1864இல் இதே தஞ்சாவூரில் காலமானார்.

மாலையில் மறுபடி பூங்காப் பக்கம் வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். “சாஸ்திரியார் ஊர்லதான் இருக்கேன்மா.”

“அப்படியா சாமி!” என்றவர், நான் கேட்காமலே மங்களத்தைப் பாட ஆரம்பித்துவிட்டார். கடைசி வரி வரைக்கும் நான் குறுக்கே பேசவில்லை.