மப்புக்குள்ள யூரியா

மார்கழி மாசம் தொடர் மழ கொஞ்சம் ஓஞ்ச காலையில எனக்குப் போன் வரும், பதினாலு மாரி இந்த வேலையில போயிட்டு ஒரு மாரியாவது அந்தப் போன் வராம விட்டதில்ல. "பிள்ள, வயல் மஞ்சளிச்சுக் கிடக்கு, யூரியா ஒரு கை எறியட்டா?" இதான் கேள்வி. பதில் சொல்றது லேசான காரியமில்ல, ஏனெண்டா அவர் கேக்கிற நேரம் மூட்டை ஏற்கனவே வரம்பில வந்து இறங்கியிருக்கும், என்னட்ட கேக்கிறது ஒரு சம்பிரதாயத்துக்கு.

நான் விவசாயப் போதனாசிரியர். வீடு வாவிக்குக் கிழக்கால எழுவான்கரையில, வேலை மேற்கால படுவான்கரையில. குருமண்வெளியில ஸ்கூட்டிய பாதையில, அதான் வாவி கடக்கிற மிதவையில, ஏத்தி மண்டூர்ல இறங்கி, அங்கால வெல்லாவெளிப் பக்கம் வட்டை வட்டையா, வயல்வெளி வயல்வெளியாப் போறது. மட்டக்களப்புக்கு வருஷ மழையில பெரும்பங்கு ஒக்டோபர்ல இருந்து ஜனவரிக்குள்ள தான் கொட்டும், எங்கட பெரும்போகமும் அதுக்குள்ள தான். புரட்டாசி கடைசியில, ஐப்பசியில விதைச்சா ஆறாம் ஏழாம் கிழமை எண்டது கார்த்திகை மார்கழியில வந்து நிக்கும், அதாவது கதிர் உள்ளுக்க உருவாகத் தொடங்கிற நேரமும் வானம் கறுத்துக் கிடக்கிற நேரமும் ஒண்டு. பசளை அட்டவணைய எழுதின ஆக்கள் ரெண்டாம் கிழமை, நாலாம் கிழமை, ஆறாம் கிழமை எண்டு பிரிச்சுத் தந்திருக்காங்க, பிழை சொல்ல ஒண்ணா, ஆனா அதில மப்புக்கு, வெயில் இல்லாத மூடின வானத்துக்கு, எண்டு ஒரு நிரல் இல்ல.

வேலைக்கு வந்து ரெண்டாவது மாரி, அஞ்சு ஏக்கர், பிஜி 94-1, மூண்டரை மாச நெல்லு. வயல்காரர் வயசான ஆள், ஆனா வயல உண்மையில பாக்கிறது அவர் வச்ச வேலையாள், முல்லைக்காரர் தான். ஆறாம் கிழமை, எட்டு ஒம்பது நாளா வெயில் முகமே இல்ல, பயிர் கொஞ்சம் வெளிறிப் போய் நிக்குது. நான் பைலத் திறந்து பாத்துட்டு, திகதி சரி, போடுங்க எண்டன். முல்லைக்காரர் பக்கத்தில நிண்டு "வெயில் காணாத பயிருக்குத் தீன் வைக்கப்படாது பிள்ள" எண்டார். கம்பஸ் முடிச்சு வந்த புதுசு, எனக்கு அது கேட்ட மாதிரியே இல்ல. போட்டாங்க.

பத்து நாளில வயல் கருங்கும்மெண்டு பச்சை. ரோட்டால போறவங்களெல்லாம் நிண்டு பாத்துட்டுப் போற அளவுக்கு. எனக்கும் பெருமை தான், போட்டோ கூட எடுத்தன், அது இப்பவும் பழைய போனில கிடக்கு. கையால தடவிப் பாத்தா தான் விளங்கும், இலை நிமிந்து நிக்கல்ல, தொளதொளெண்டு கவிண்டு விழுகுது, தண்டை நசிச்சா தண்ணி மாதிரி. அது மறுகா இலையில கண் மாதிரி ரெண்டு பக்கமும் கூரா நடுவில சாம்பல் நிறமா புள்ளி வந்திச்சு, எரிபந்தம் எண்ட பூஞ்சண நோய். கதிர் வெளிய வந்த நேரம் கழுத்திலயும் பிடிச்சிட்டு. மிச்சத்த தை மாசக் காத்து படுக்க வச்சுது. விழுந்த வயலுக்கு வெட்டுற மிஷின்காரன் மணித்தியாலத்துக்குக் கூடக் கேட்டான், கேக்கத்தானே செய்வான். ஏக்கருக்கு எத்தின மூட்டை எண்டு நான் கேக்கல்ல, அவரும் சொல்லல்ல, தேத்தண்ணி தந்தார், குடிச்சிட்டு வந்தன்.

ஏன் இப்பிடி எண்டு அதுக்குப் புறகு தான் ஒழுங்காப் படிச்சன். யூரியாவில நூத்துக்கு 46 பங்கு நைதரசன். வேர் அத உறிஞ்சிறதுக்கு வெயில் பெரிசாத் தேவையில்ல, மப்பிலயும் உறிஞ்சும். ஆனா உறிஞ்சினத புரதமா மாத்த இலையில சீனி வேணும், சீனி ஒளித்தொகுப்பில இருந்து தான் வரணும், வெயில் இல்லாட்டி அது குறைவு. அப்ப நைதரசன் பாதி வெந்த சோறு மாதிரி இலைக்குள்ளயே தேங்கி நிக்கும், தண்டுச் சுவர் தடிக்க வேண்டிய சீனி இல்லாததால பயிர் வெளிச்சம் தேடி உசந்து மெலிஞ்சு போகும். பூஞ்சணத்துக்கும் சாறு உறிஞ்சிற அறக்கொட்டிப் பூச்சிக்கும் அந்த மெத்தின இலையும் தண்டும் கலியாணச் சாப்பாடு.

இதில எனக்குக் கண் திறந்தது நெல்லுப் பத்தின கட்டுரையில இல்ல, கோதுமையில. சிரிப்பா இருக்கும், காலையில பாண் சாப்பிட்டுட்டுத் தான் வயலுக்குப் போறம், ஆனா கோதுமைச் செடிய எங்கட வட்டையில ஒருத்தரும் கண்டதில்ல. மெக்சிக்கோவில யாக்கி பள்ளத்தாக்குக் கோதுமைக்கு நிழல் வலை கட்டிப் பரிசோதிச்சிருக்காங்க, டோனி பிஷர் எண்ட ஆராய்ச்சியாளர் 1985ல அதையெல்லாம் சேத்து எழுதினார். பூக்கிறதுக்கு முந்தின ஒரு மாசம் அளவு இருக்கே, அந்த நேரம் வெளிச்சம் குறைஞ்சா மணி எண்ணிக்கையே குறையும், புறகு எவ்வளவு வெயில் அடிச்சாலும் இல்லாத மணிய நிரப்ப ஏலாது. அதோட அவர் வெளிச்சத்த மட்டும் பாக்கல்ல, அத வெப்பநிலையால வகுத்துப் பாக்கிறார், கோதுமைக்கு 4.5 பாகை செல்சியசுக்கு மேல உள்ள சூட்டத் தான் கணக்கில எடுக்கிறது. காரணம், குளிரெண்டா பயிர் ஆறுதலா வளரும், நாள் கூடக் கிடைக்கும், மங்கலான வெளிச்சத்தையும் சேத்துச் சேத்து எடுக்கும். சூடெண்டா அவதிப்பட்டு அந்தப் பருவத்தத் தாண்டிடும். இத வாசிச்ச நேரம் எனக்கு மார்கழி தான் ஞாபகம் வந்திச்சு. அவங்கட மப்பு குளிர் மப்பு, எங்கடது புழுங்கிற மப்பு. வெளிச்சமும் இல்ல, பயிர் நிண்டு காத்திருக்கவும் மாட்டுது.

வானம் ஒரு பக்கமிருக்க, நாங்களே செய்யிற நிழலும் இருக்கு. ஏக்கருக்கு ரெண்டு புசல் விதைநெல்லு காணும் எண்டா மூண்டு நாலு புசல் எறியிறாங்க, களை வராம இருக்கட்டும் எண்டு. ஆறாம் கிழமையில குனிஞ்சு உள்ளுக்க பாத்தீங்கண்டா பட்டப்பகலில இருட்டு, அடியில வெடிக்கிற பக்கக் கிளை, மட்டங்கள் வெளிச்சம் காணாமச் சாகுது. அதுக்கு மேல யூரியா எறிஞ்சா இலை இன்னும் அகலிச்சு இன்னும் இருட்டு. விதைய குறைங்க எண்டு போகத்துக்கு முந்தி வைக்கிற கன்னக் கூட்டத்தில ஒவ்வொரு வருஷமும் கத்துறன், தலைய ஆட்டுவாங்க, ஐப்பசியில அதே நாலு புசல்.

இப்ப பையுக்குள்ள எப்பவும் இலை நிற அட்டை இருக்கும், நாலு பச்சைக் கட்டம் போட்டது. நல்லா விரிஞ்ச இளம் இலைய அதில வச்சுப் பாக்கிறது, வெயிலுக்கு முதுகக் காட்டி உங்கட நிழல் இலையில விழ நிண்டு பாக்கணும், இல்லாட்டி நிறம் ஏமாத்தும். மழைக்குப் புறகு வாற மஞ்சள் எல்லாம் பசியில்ல எண்டதும் இப்ப தெரியும். வெள்ளத்துக்குள்ள நிண்ட வேர் மூச்சு முட்டி அப்பிடிக் காட்டும், தண்ணிய வடிய விட்டு நாலு வெயில் கண்டா தானா ஏறும். கட்டாயம் போடத்தான் வேணுமெண்டா அரைவாசி, வரம்பில தண்ணி ஓடுற வக்கடைய அடைச்சிட்டு, மழ ஓஞ்ச நேரம். எம்ஓபி எண்ட பொட்டாசியப் பசளைய மட்டும் குறைக்க வேணாம் எண்டு சொல்லுவன், தண்டுக்கு அது தான் பலம்.

ஆனா சூடு கண்ட பூனையாகி நான் மற்றப் பக்கமும் பிழைச்சிருக்கிறன். ஒரு வருஷம் ஒரு பொம்பிளையின்ட ரெண்டு ஏக்கருக்கு பொறுங்க பொறுங்க எண்டு ரெண்டு கிழமை இழுத்திட்டன். அது உண்மையிலயே பசி, அடி இலை நுனியில இருந்து நடுவால மஞ்சளிச்சு வந்தது, நான் குனிஞ்சு பாக்கல்ல, மேல பாத்துட்டு வந்திட்டன். பக்கத்து வயலான் என்னட்ட கேக்காம அரை மூட்டை எறிஞ்சு நல்லா எடுத்தான். அந்த அக்கா இண்டைக்கும் கண்டா "அண்டைக்கு நீங்க சொன்னதக் கேட்டன்" எண்டுவா, சிரிச்சுக்கொண்டு தான்.

2021 மே மாசம் இரசாயனப் பசளை இறக்குமதி நிண்டுது, நவம்பரில தடைய எடுத்தாங்க, ஆனா அதுக்குள்ள விதைப்பு முடிஞ்சுது. அந்த மாரி எறியட்டா எண்டு ஒருத்தரும் கேக்கல்ல. எங்கயோ இருந்து அஞ்சு கிலோ பத்து கிலோ சொப்பிங் பையில கொண்டு வந்து, "இத எண்டைக்குப் போட்டா வீணாகாது?" எண்டு கேட்டாங்க. அட்டைய எடுத்தா சுத்தி நிண்டு பாத்தாங்க, அவ்வளவு காலத்தில அண்டைக்குத் தான் பாத்தாங்க. எனக்கு சந்தோசப்படுறதா அழுறதா எண்டு தெரியல்ல.

எல்லா வயலுக்கும் உடன போக ஏலாது, அதனால போனில கேக்கிறவங்களுக்கு ஒண்டு சொல்லி வச்சிருக்கன். வரம்பில நில்லுங்க, உங்கட நிழல் நிலத்தில விழுகுதா பாருங்க, ரெண்டு மூண்டு நாள் தொடந்து விழுந்தா எனக்கு எடுங்க. போன மார்கழியில பாதையில நிண்டுகொண்டு இருக்கக்குள்ள ஒரு ஐயா எடுத்தார். "பிள்ள, நிழல் விழுந்து மூணு நாள்." அடி இலை எப்பிடி எண்டன். "பொறு, குனிஞ்சு பாத்துட்டுச் சொல்றன்" எண்டுட்டு வயலுக்குள்ள இறங்கினார், போனுக்குள்ள தண்ணிச் சத்தம் கேட்டிச்சு.