கத்திரி வெயிலில் 100 டிகிரி: என் பிராசஸரைக் குளிர வைத்த கதை

மே 4. கத்திரி தொடங்கிய அன்றுதான் நானும் கேசட் வேலையைத் தொடங்கினேன். அத்தை கல்யாணம், தாத்தாவின் அறுபதாம் கல்யாணம் என்று வீட்டில் இருந்த 20 வீடியோ கேசட்டுகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்று. இனி இரைச்சலை நீக்கி, சுருக்கி, சொந்தக்காரர்களுக்கு அனுப்ப வேண்டும். முதல் கேசட் ஓட ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் அம்மா எட்டிப் பார்த்து, "என்னடா இது, மிக்ஸி மாதிரி கத்துது?" என்றார்.

என் பிராசஸர் இன்டெல் ஐ5-10400. கணக்குப் போடும் பகுதிகளான கோர்கள் ஆறு, பிராசஸரோடு அதன் பெட்டியிலேயே வந்த கூலர், லினக்ஸ். கட்டளை அடிக்கும் திரையான டெர்மினலில் 'சென்சார்ஸ்' என்று அடித்தால் ஒவ்வொரு கோரின் வெப்பமும் வரும். பார்த்தேன்: 100. இந்த பிராசஸருக்கு அதுதான் உச்ச வரம்பு. அதைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எல்லா கோரும் ஓடும்போது 4 கிகாஹெர்ட்ஸ் வர வேண்டியது, 3.3-இல் தள்ளாடியது. அந்தக் கேசட் முடிய 2 மணி 20 நிமிடம்.

மே 6. வெறும் பிராசஸர் வெப்பத்தைக் குறித்து வைப்பதில் பயனில்லை என்று இன்று புரிந்தது. எங்கள் வீடு சென்னை பெரம்பூரில், மொட்டை மாடிக்கு நேர் கீழே. கடல் காற்று சீக்கிரம் உள்ளே வரும் நாளில் மதியமே அறை கொஞ்சம் தணியும். வராத நாளில் பகலெல்லாம் குடித்த வெயிலைத் தளம் ராத்திரி பத்து மணிவரை இறக்கிக்கொண்டே இருக்கும். காற்றால் குளிர வைக்கும் எந்தக் கூலரும் அறையின் வெப்பத்துக்குக் கீழே போக முடியாது. அதனால் நேற்று 95, இன்று 92 என்றால் நான் செய்த வேலை பலித்ததா, காற்று மாறியதா என்று சொல்ல முடியாது. சுவரில் ஒரு தெர்மாமீட்டரை மாட்டினேன். இனி ஒப்பிடப்போவது பிராசஸருக்கும் அறைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே. முதல் கணக்கு: அறை 36, பிராசஸர் 100, வித்தியாசம் 64. வேகத்தை அதுவே குறைத்ததால்தான் 64-இல் நின்றது. விட்டிருந்தால் இன்னும் ஏறியிருக்கும்.

மே 9. கேபினெட்டைத் திறந்தேன். பிராசஸரின் சூட்டை வாங்கிக்கொள்ளும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் ஃபேனுக்கும் நடுவே தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. பெயிண்ட் பிரஷ்ஷால் தள்ளி, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊதினேன். அறை 37, பிராசஸர் 93. வித்தியாசம் 56. இப்போது வேகம் முழுசாக 4 கிகாஹெர்ட்ஸ், ஆனால் மின்சாரமும் 82 வாட்.

மே 10. இதுதான் பெரிய கண்டுபிடிப்பு. கூலரை லேசாக ஆட்டிப் பார்த்தபோது ஒரு மூலை மட்டும் அசைந்தது. கூலரைப் பிடித்து நிறுத்தும் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று மதர்போர்டு துளையில் பாதிதான் இறங்கியிருந்தது. போன வருடம் வீடு மாறியபோது வண்டியில் ஆடி வெளியே வந்திருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் நான்கும் ஒன்றுபோலவே தெரிகின்றன; பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால்தான் ஊசியின் பிளவு விரிந்திருக்கிறதா என்று தெரியும். கூலரைக் கழற்றினால் பிராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட், பழையது, ஒரு பக்கம் காய்ந்த சுண்ணாம்பு போல உதிர்ந்தது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய் 4 கிராம் பேஸ்ட்டும் ஐசோபுரப்பைல் ஆல்கஹாலும் வாங்கி வந்து, துடைத்து, நடுவில் பட்டாணி அளவு பேஸ்ட் வைத்து, கூலரின் ஊசிகளை எதிரெதிர் மூலைகளாக அழுத்தினேன். நான்கு முறை 'டக்'. அறை 35, பிராசஸர் 84. வித்தியாசம் 49.

மே 13. கம்ப்யூட்டர் மேசையில் சிபியு பெட்டிக்கென்று ஒரு மூடிய கூண்டு இருக்குமே, அதிலிருந்து எடுத்து வெளியே ஸ்டூலில் வைத்தேன். அந்தக் கூண்டுக்குள் பின்னால் தள்ளிய சூடான காற்றையே பெட்டி திரும்பவும் முன்னால் இழுத்துக்கொண்டிருந்தது. காசு செலவில்லாமல் 6 டிகிரி: அறை 36, பிராசஸர் 79, வித்தியாசம் 43. பக்கத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேன் வைத்தும் பார்த்தேன். குறையத்தான் செய்தது, ஆனால் எங்கள் தெருத் தூசிக்கு ஒரே வாரத்தில் மே 9 நிலைமைக்குத் திரும்பிவிடும். வேண்டாம்.

மே 17. கடைசியாக வாட் வரம்பு, அதாவது பிராசஸர் எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்பது. இந்த பிராசஸருக்கு அடிப்படை 65 வாட். 134 வாட் வரை போகலாம், அதுவும் 28 விநாடிக்குத்தான். என் மதர்போர்டு அந்த நேர வரம்பைத் தளர்த்தி வைத்திருந்தது. லினக்ஸில் ஒரு கோப்பில் மைக்ரோவாட் கணக்கில் 65000000 என்று எழுதினால் உடனே அடங்கும், ஆனால் ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும். அப்படிச் சோதித்துப் பார்த்துவிட்டு கம்ப்யூட்டர் தொடங்கும்போதே வரும் அமைப்புத் திரையான பயாஸிலேயே 65 வைத்தேன். அறை 37, பிராசஸர் 71. வித்தியாசம் 34!

வேகம் எவ்வளவு போயிற்று? அதே முதல் கேசட்டை இன்னும் இரண்டு முறை ஓட்டினேன். 82 வாட்டில் 1 மணி 55 நிமிடம், 65 வாட்டில் 2 மணி 5 நிமிடம். வேகம் கூடக் கூட மின்னழுத்தமும் கூட வேண்டும். வாட் அந்த அழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. அதனால்தான் உச்சியிலிருந்து கொஞ்சம் இறங்கினாலே சூடு இவ்வளவு குறைகிறது. 100 டிகிரியில் தவித்த முதல் நாளைவிட இது கால் மணி நேரம் வேகம்.

ஃபேன் ஏறி இறங்கிக் கத்துவதை பயாஸில், வெப்பம் மாறினாலும் கொஞ்சம் தாமதித்தே வேகம் மாறும்படி வைத்துச் சரிசெய்தேன்.

மே 24. 14-ஆவது கேசட் ஓடுகிறது. அறை 36, பிராசஸர் 70. அம்மா பக்கத்துக் கட்டிலில் மதியத் தூக்கம் தூங்குகிறார்.