தண்ணீர்மலையான் சன்னதியில்

காரைக்குடியில் செய்து 1894-இல் பினாங்குக்குக் கப்பலேற்றிய வெள்ளி ரதம் இன்றும் தைப்பூசத்துக்கு ஓடுகிறது. காரைக்குடியில் பிறந்த எனக்கு, பினாங்கின் தண்ணீர்மலை முருகனைப் பார்க்க 60 வயதில்தான் வாய்த்தது. மகனுக்குப் பினாங்கில் வேலை.

போனபோது மனம் சரியில்லை. என் வீட்டுக்காரர் வங்கியிலிருந்து ஓய்வுபெற்று ஒரு வருடம் ஆகிறது. 34 வருடமாகக் காலையில் கிளம்பி இருட்டிய பிறகு வீடு திரும்பியவர், இப்போது நாள் முழுக்க அடுப்படி வாசலில். எண்ணெய் எப்படித் தீர்ந்தது, பருப்புக்கு எதற்கு இவ்வளவு தண்ணீர் என்று கேள்விக்கு மேல் கேள்வி. பினாங்கிலும் அப்படித்தான். எதை வாங்கினாலும் ரிங்கிட்டை ரூபாயாகப் பெருக்கிச் சொல்வார். கடைசியில் ஒரு கட்டு கீரைக்காகச் சண்டை வந்து, இரண்டு நாளாகப் பேச்சே இல்லை.

அந்த நிலையில்தான் மலை ஏறினோம். மொத்தம் 513 படிகள், தைப்பூசத்தன்று காவடிகள் ஏறும் வழி. இவர் வாய்விட்டு எண்ணிக்கொண்டே முன்னால் போனார். இருநூறைத் தாண்டியதும் எனக்கு முழங்கால் விட்டுவிட்டது, உட்கார்ந்துவிட்டேன். கூப்பிட மனம் வரவில்லை. அவராகவே திரும்பிப் பார்த்து இறங்கி வந்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "காலையில எழுந்தா எங்க போறதுன்னு தெரியல. வீட்டுல அடுப்படியிலதான் ஆள் இருக்கு."

எனக்குப் பேச்சு வரவில்லை. ஒரு வருடமாக நான் வேவு என்று நினைத்தது இதைத்தானா, முருகா!

"எத்தனையில விட்டீங்க?" என்று கேட்டேன்.

"மறந்துபோச்சு. எந்திரி, மெதுவாப் போவோம்."

2012-இல் குடமுழுக்கு கண்ட கோயில், வெளியே நின்றால் ஊரும் கடலும் தெரியும். நான் பார்த்தது கொஞ்சம்தான். தண்டாயுதபாணிக்குத் தீபாராதனை காட்டியபோது கண் மறைத்தது. வீட்டில் அமைதி வேண்டும் என்று கேட்க வந்தவள், எதுவும் கேட்காமல் கைகூப்பி நின்றேன். அர்ச்சனைக்கு என் நட்சத்திரத்தை இவரே சொன்னார்.

இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். கீழே இரண்டு இளநீர் வாங்கினார். விலையைக் கேட்டார், காசைக் கொடுத்தார். பெருக்கவில்லை.