விடிய விடியப் படிப்பதை விட்ட பிறகுதான் படித்தது மனதில் நின்றது

கல்லூரி முதலாண்டு வேதியியல் தேர்வுக்கு முந்தைய இரவு பொட்டுத் தூக்கம் இல்லாமல் நான்கு பாடங்களைப் படித்து முடித்துவிட்டுப் போனேன். முதல் பெரிய கேள்வியே நான் அதிகாலை மூன்று மணிக்குப் படித்த பகுதியிலிருந்துதான் வந்திருந்தது. அந்தச் சமன்பாடு புத்தகத்தில் வலது பக்கம் கீழே இருந்ததும், அதைச் சுற்றி நான் பென்சிலால் கட்டம் போட்டதும் அப்படியே கண்முன் வந்தன, ஆனால் கட்டத்துக்குள் என்ன எழுதியிருந்தது என்பது மட்டும் கடைசி மணி அடிக்கும் வரை வரவே இல்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். நாம் பகலில் படிப்பதை முதலில் பிடித்து வைப்பது மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற சின்னப் பகுதி. அங்கே அது வெகுநாள் தாங்காது. நாம் ஆழ்ந்து தூங்கும்போது, பகலில் வேலை செய்த அதே நரம்புச் செல்கள் திரும்பவும் இயங்கி, படித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருமூளையின் மேலடுக்கில் பதிய வைக்கின்றன. வில்சன், மெக்நாட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1994-இல் எலிகளிடம் இதைப் பார்த்தார்கள்: ஓரிடத்தில் எலி நடமாடியபோது சேர்ந்து இயங்கிய செல்கள், அது தூங்கியபோதும் சேர்ந்தே இயங்கின. அதற்கும் 70 வருடம் முன்னால், 1924-இல், ஜென்கின்ஸ், டாலன்பாக் இருவரும் பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்ய வைத்துச் சோதித்தார்கள். அதே அளவு நேரம் விழித்திருந்தபோது நினைவில் நின்றதைவிட, தூங்கி எழுந்தபோது அதிகம் நின்றிருந்தது.

ஆக, தூக்கத்தை வெட்டினால் படிப்பின் பாதி வேலையையே வெட்டுகிறோம். இதை எனக்கு யாராவது அப்போதே சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்றும் தோன்றுகிறது.

அடுத்த பருவத்திலிருந்து பதினொன்றுக்குப் படுத்து ஆறுக்கு எழுந்தேன். ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் முன்பாதியில் வருகிறது, கனவுத் தூக்கம் பின்பாதியில் கூடுகிறது, இரண்டுமே வேண்டும் என்பதால் "நாலு மணி நேரம் போதும்" என்ற கணக்கையும் விட்டேன். படுப்பதற்கு முன் அன்றைக்கு ரொம்பக் கஷ்டப்படுத்திய பகுதியை ஒருமுறை பார்த்து, புத்தகத்தை மூடிவிட்டு, பார்க்காமல் சொல்லிப் பார்ப்பேன். காலையில் எழுந்ததும் வெள்ளைத்தாளில் அதையே எழுதுவேன். இரவில் தடுமாறிய வரிகள் பல காலையில் தானாக வந்து விழுந்தன, வராதவற்றை மட்டும் திரும்பப் படித்தேன். காபி மாலையோடு நிறுத்தம், ஏனென்றால் குடித்த காஃபீனில் பாதி இறங்கவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும்.

ஆனால் ஒன்று, படிக்காததைத் தூக்கம் கொண்டுவந்து கொடுக்காது. தேர்வுக்கு முந்தைய இரவு இன்னும் இரண்டு பாடம் பாக்கி என்றால், புதிதாகத் தொடங்காமல் தெரிந்ததை ஒருமுறை புரட்டிவிட்டுப் படுங்கள். மூளை தூங்காமல் இருந்தால் மறுநாள் புதிதாக எதையும் சரியாக உள்வாங்காது, அடுத்த தேர்வுக்கான படிப்பும் சேர்ந்து அடிவாங்கும்.

சரி, பயத்தில் தூக்கமே வரவில்லை என்றால்? மொபைலைத் தள்ளி வைத்துவிட்டு, விளக்கை அணைத்துச் சும்மா படுத்திருங்கள். முந்தைய வாரங்களில் நன்றாகத் தூங்கிப் பதிய வைத்தது அந்த ஒரு இரவில் அழிந்துவிடாது.